பின் கண்ணாடிப் பிரதாபம்

ஆஷ்பர்ன், வர்ஜீனியா.

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

மருமகன் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும், அத்தை, அப்பிச்சி, மாப்பிள்ளை, மருமகப்பெண், குழந்தைகள் ஆகியோருடைய க்ஷேமத்தையும், தோப்பில் வெள்ளை ஈயின் உபத்திரவம் இப்போது எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவலாயிருக்கிறேன். கைப்பேசியில் நாலு வரி தட்டி அனுப்புவதைக் கடிதமென்று தாங்கள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லையாதலால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை புது வண்டி எடுத்த சமாசாரமும், ஆனைமலை மாசாணியம்மன் கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிப் பூஜை போட்ட சமாசாரமும் எனக்குச் சந்தோஷத்தைத் தந்தன. ஆனால் அந்த வண்டியின் பின் கண்ணாடியில் எதை ஒட்டுவது என்பது பற்றித் தங்கள் வீட்டில் மூண்டிருக்கும் சர்ச்சை அதைக்காட்டிலும் அதிகச் சந்தோஷத்தைத் தந்தது என்பதை மறைப்பானேன்? அத்தைக்கு ‘மாசாணியம்மன் துணை’ என்ற எழுத்தைத் தவிர வேறொன்றும் சம்மதமில்லை என்றும், அப்பிச்சி குதிரைமேல் வாளுயர்த்தி நிற்கும் தீரன் சின்னமலையை எவருக்காகவும் இறக்கிவிடுவதாக இல்லை என்றும், மாப்பிள்ளை காங்கேயம் காளையின் திமிலைக் காட்டி வாதிக்கிறார் என்றும், மருமகப்பெண் மஞ்சள் கட்டத்துக்குள் ‘உள்ளே குழந்தை’ என்றிருந்தால் போதும் என்கிறாள் என்றும், தாங்களோ கண்ணாடி வைத்திருப்பது பின்னால் வருகிறவனை நாம் பார்ப்பதற்கே ஒழிய அவன் நம்மைப் படிப்பதற்கல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தோட்டத்துச் சாளைக்குப் போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ‘அமெரிக்காவில் எதை ஒட்டுகிறார்கள், விவரமாக எழுது’ என்பது தங்கள் ஆக்ஞை. விவரமாகவே எழுதுகிறேன், காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்த ஜனங்களின் நடுவில் குடியிருக்கிறவனுக்கு இந்த ஒரு விஷயத்திலாவது சரக்குக்குப் பஞ்சமில்லை.

முதலில் ஊர் விவகாரத்தில் இரண்டொரு வார்த்தை. 1920-ஆம் வருஷத்தில் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தமது முதல் பஸ்ஸை ஓட்டிய காலத்தில், மோட்டார் வண்டி ஒன்று வருகிறது என்பதே வீதியிலுள்ளவர்களை வாசலுக்கு இழுக்கப் போதுமானதாக இருந்தது. அதன்மேல் எதையும் எழுதி ஒருவரையும் கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வீதிக்கு வீதி ஒரே அச்சில் வார்த்த வெள்ளைக் கார்கள் நிற்கத் தொடங்கிய பிற்பாடுதான், இது நம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் தாகம் மனுஷனுக்குப் பிறந்தது என்பது என் அபிப்பிராயம். அதிலும் 2019-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கெல்லாம் சர்க்காரே பூட்டித் தருகிற நம்பர் பலகை வந்து, எண்களை வளைத்தும் நெளித்தும் எழுதி வந்த சித்திரக்காரர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதல்லவா? இனி நம்பரில் நம் இஷ்டத்துக்கு மிஞ்சியது கூட்டுத்தொகை எட்டு வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான். மற்ற ஆசைகளெல்லாம் பின் கண்ணாடிக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

சென்ற முறை ஊருக்கு வந்திருந்தபோது என் வண்டிக்காக ஒரு ‘மருதமலை முருகன் துணை’ செய்துகொள்ளக் காந்திபுரத்தில் ஒரு ஸ்டிக்கர் கடைக்குள் நுழைந்தேன். சுவரெல்லாம் சுருள் சுருளாக வர்ணத் தாள். மூலையில் ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் கட்டிங் மெஷின், நாம் சொன்ன எழுத்தை அதன் ஊசிமுனைக் கத்தி சரசரவென்று ஓடித் தாளில் கீறிவிட்டுச் சாதுவாக நின்றுகொள்கிறது. கீறியது வெளியே தெரிவதில்லை. அதன் பிறகு கடைப் பையன் பிளேடு நுனியால் எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத தாளை உரித்து எடுக்க எடுக்க, ‘ம’வும் ‘ரு’வும் மெல்லப் புறப்பட்டு வருகின்றன; ‘ணை’யின் வயிற்றுக்குள் சிக்கிய துணுக்கை அவன் மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்த நேர்த்தியைக் கண்டபோது, கண் டாக்டர்கள் சிலரையாவது இவனிடம் அனுப்பிப் பயிற்றுவிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ‘‘சாமி பேருக்கு வெள்ளைங்கண்ணா, தலைவருக்கு மஞ்சள், ‘தந்தையின் பரிசு’ன்னா மட்டும் ரேடியமுங்க, ராத்திரியிலயும் அப்பாவுக்குத் தெரியோணுமில்லீங்களா?’’ என்று அவன் தன் சாஸ்திரத்தையும் உபதேசித்தான். கடைக்குள் அப்போது வரிசையில் இருந்தவை: வெள்ளியங்கிரி அடிவாரத்து ஆதியோகியின் முகம் ஒன்று, பண்ணாரியம்மன் இரண்டு, வக்கீல் கழுத்துப்பட்டை ஒன்று, காளை ஒன்று, காசர்கோட்டுப் பக்கத்து ஓவியர் கரண் ஆசார்யா 2015-இல் வரைந்து இந்தியா முழுவதும் கார்களின் முதுகில் ஏறிக்கொண்ட, காவியும் கறுப்புமான அந்தக் கோப அனுமார் ஒன்று. அர்ஜுனன் தேரில் கொடியாகப் பறந்தவர் காலத்துக்கேற்பக் கண்ணாடிக்கு இறங்கி வந்திருக்கிறார். அதில் ஆட்சேபிப்பதற்கு ஒன்றுமில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நம்மவர்கள் வண்டியில் எழுதுவதன் உட்கருத்து ஓரளவு புலப்படுகிறது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டக் கிளம்பும் ரிக் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: நெற்றியில் அர்த்தநாரீஸ்வரர், பக்கவாட்டில் குலதெய்வம், பின்பலகையில் முதலாளியின் மக்கள் பெயர்கள், அடியில் தொங்கும் பழைய செருப்பு, கறுப்புக் கயிறு, எலுமிச்சையும் மிளகாயும், இவ்வளவும் போதாதென்று பல்லைக் காட்டும் பூதத்தின் முகம். எங்களை ஒன்றும் செய்துவிடாதே, எங்களுக்கு மேலே ஆள் இருக்கிறது என்பதே இதன் மொத்தச் சாரம். கடைவாசலில் கழுதைப் படத்தை மாட்டி ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று எழுதுகிறவனும், பார்க்கிறவன் கண்ணைக் கழுதையின் பக்கம் திருப்பிவிட்டுத் தன் கல்லாவைக் காப்பாற்றிக்கொள்கிறவன்தானே?

இங்கே கதை தலைகீழ். பம்பரில் ஒட்டுகிற காகிதத்தை இந்த தேசத்துக்கு முதலில் அளித்தவர் கான்ஸாஸ் ஸிடியில் அச்சுத் தொழில் நடத்திய பாரஸ்ட் கில் என்பவர். அவருக்கு முன்னால் அட்டையையும் தகரத்தையும் கம்பி கொண்டு வண்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் கைக்கு வந்த இரண்டு புதுமைகளை, அதாவது அழுத்தினாலே பிடித்துக்கொள்ளும் பசைத் தாளையும் கண்ணைப் பறிக்கும் ஒளிர் மையையும் அவர் ஒன்றுசேர்த்தார். 1952-இல் ஐசன்ஹோவர் பிரசிடெண்ட் தேர்தலுக்கு நின்றபோது அந்தத் தாள் ஊரெங்கும் ஒட்டிக்கொண்டது. அன்று பிடித்த பசை இன்னும் விடவில்லை. தேர்தல் முடிந்து வருஷக்கணக்கான பிறகும் தோற்றுப்போன அபேட்சகரின் பெயரைச் சுமந்துகொண்டு ஓடும் வண்டிகளை இங்கே தினமும் பார்க்கலாம். நம்மூரில் ஜெயித்த கட்சிக்கு மாறிக்கொள்வதற்கு ஒரு ராத்திரியும் ஒரு பிளேடும் போதும்.

என் வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போகிற சாலையில் காலை வேளையில் வண்டிகள் நகருவதைவிட நிற்பதே அதிகமாகையால், முன்னால் நிற்கிறவரின் ஜீவிய சரித்திரத்தை முழுவதும் வாசித்து முடிக்க அவகாசம் கிடைக்கிறது. அவருடைய கலாசாலை எது, எந்த மலையில் ஏறினார், எந்த ஜாதி நாய் வளர்க்கிறார், எந்த ரேடியோ நிலையத்துக்குச் சந்தா கட்டுகிறார், ஆண்டவனைப் பற்றியும் மாமிச போஜனத்தைப் பற்றியும் அவருடைய கொள்கை என்ன என்பதெல்லாம் கண்ணாடியிலேயே கிடைக்கும். முட்டை வடிவ வட்டத்துக்குள் ‘26.2’ என்று வெறும் எண் மட்டும் போட்டிருந்தால், அவர் மாரத்தான் முழுவதும் ஓடியவர், அத்தனை மைல்; ‘13.1’ என்றால் பாதி ஓடியவர், ‘0.0’ என்றும் சிலர் ஒட்டியிருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு உடனே சிநேக பாவம் உண்டாகிறது. இங்கு வந்த புதிதில் ‘ஓ.பி.எக்ஸ்.’ என்ற மூன்றெழுத்தை வண்டிக்கு வண்டி கண்டு, தேனி மாவட்டத்து அரசியல் இங்கேயும் வந்து கிளை திறந்துவிட்டதோ என்று திகைத்திருக்கிறேன். அது வடக்குக் கரோலினாவின் கடலோர மணல் தீவுகளுக்கு இவர்கள் வைத்திருக்கிற சுருக்கப் பெயராம், கோடை விடுமுறையில் அங்கே போய் வந்ததற்கு அத்தாட்சியாம். சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்குள் பக்தர் ஒருவர் கனவில் வந்த பொருளை வைத்துவிட, மண் வைத்தால் நிலத்தின் விலை என்றும் தண்ணீர் வைத்தால் மழை வெள்ளம் என்றும் ஜனங்கள் ஆளுக்கொரு வியாக்கியானம் சொல்லிக்கொண்டு மலையிறங்குவார்களே, அந்தப் பழக்கம் எனக்கு இந்தச் சாலையில் மிகவும் உபயோகமாக இருக்கிறது.

இவர்களுடைய குடும்பச் சித்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அத்தை என்னை மன்னிக்க மாட்டார்கள். வெள்ளைக் கோட்டுருவமாக அப்பன், ஆத்தாள், பிள்ளைகள், கடைசியில் நாயும் பூனையும், உயரவாரியாகக் கைகோத்துப் பின் கண்ணாடியின் கீழ் மூலையில் நிற்பார்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை வயதில் பிள்ளைகள், நாய் உண்டா என்பதைத் திருடனுக்கு இவ்வளவு சிரத்தையாக எழுதிக் கொடுப்பானேன் என்று போலீஸாரே சில ஊர்களில் எச்சரித்தும் ஜனங்கள் விட்டபாடில்லை. நம் குடும்பத்தை இந்த ரீதியில் ஒட்டுவதென்றால், அப்பிச்சியில் தொடங்கிச் சித்தப்பன்மார், பங்காளிகள், சீருக்கு வந்து தங்கிவிட்ட ஒறம்பரைகள், இரண்டு எருமை, ஒரு ஜோடி காளை என்று போய், கரூரில் பாடி கட்டிய பஸ்ஸின் பின்புறம் முழுவதும் தேவைப்படும். அதிலும் யாரை யாருக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்பதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வார்கள். மருமகப்பெண் விரும்புகிற ‘உள்ளே குழந்தை’ மஞ்சள் கட்டம் 1984-இல் இந்த தேசத்துக் கடைகளுக்கு வந்த சரக்கு. குழந்தைகள் கலாசாலைக்குப் போன பிறகும் அதைக் கழற்றாதவர்கள் பலர். ‘என் பிள்ளை இன்ன பள்ளிக்கூடத்தில் சிறந்த மாணாக்கன்’ என்ற பட்டயமும் பம்பரில் உண்டு. நாமக்கல் பள்ளிக்கூடங்கள் மார்க் எடுத்த பிள்ளைகளின் முகங்களை ரோட்டோரமெங்கும் பிளக்ஸில் நிறுத்திய வழக்கத்தை நினைத்தால், இந்த அடக்கம் எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் வகையில், உன்னுடைய அந்தச் சிறந்த மாணாக்கனை என் பிள்ளை உதைத்துவிட்டான் என்று அறிவிக்கும் ஸ்டிக்கரும் அதே கடையில் விற்கிறது. இரண்டையும் வாங்கிய தகப்பன்மார் சிக்னலில் அடுத்தடுத்து நிற்கிற சமயங்களும் உண்டு.

நம்பர் பலகை விஷயத்தில் வர்ஜீனியா ராஜ்யம் தாராள மனசுள்ளது. வருஷத்துக்குப் பத்து டாலர் மேற்கொண்டு கட்டினால், ஏழெழுத்துக்குள் நமக்கு வேண்டியதைப் பொறித்துக் கொடுத்துவிடுவார்கள்; ஊரில் ஒரு பேன்ஸி நம்பருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறவர்கள் கேட்டால் வயிறெரிவார்கள். 2007-இல் எடுத்த ஒரு கணக்கில் ஆறில் ஒரு வண்டிக்கு இப்படிச் சொந்தப் பலகை இருப்பதாகக் கண்டு, இந்த ராஜ்யத்துக்குத்தான் முதல் ஸ்தானம் கொடுத்தார்கள். மேரிலாந்தில் லான்ஹம் என்ற ஊரிலுள்ள முருகன் கோயில் வாசலில் ஒரு கிருத்திகையன்று நின்று பார்க்க வேண்டும்: இடம் போதாமையால் நம்மவர்கள் உயிரெழுத்துகளையெல்லாம் களைந்துவிட்டு முருகனையும் கோயமுத்தூரையும் வெறும் மெய்யெழுத்துகளால் எழுதியிருப்பார்கள். உயிரை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கேட்டதைக் கொடுத்துவிடுகிற தெய்வத்திடம் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஒரு திருஷ்டாந்தம் நடந்தது. கம்ப்யூட்டர் பாஷையில் ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் ‘நல்’ என்ற பதத்தை ஒருவர் தம் பலகைக்கு வாங்கினார். போலீஸ் கம்ப்யூட்டர் நம் பலகையைக் கண்டு வெறுமை என்று நினைத்து விட்டுவிடும் என்பது அவருடைய வேடிக்கைக் கணக்கு. நேர்ந்ததோ, நம்பர் எழுத மறந்துபோன அபராதச் சீட்டுகளெல்லாம் அவருடையவை என்று அந்த யந்திரம் தீர்மானித்து, பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல் கட்டச் சொல்லிக் கடிதம் கடிதமாக அவர் வீட்டுக்கு வந்து விழுந்தது. 2019-இல் லாஸ் வேகாஸில் கம்ப்யூட்டர்க்காரர்கள் கூடிய ஒரு மகாநாட்டில் அவரே எழுந்து இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாராம்.

இதற்கு நேர்மாறாக, ஒட்டமாட்டேன் என்று சண்டை போட்டு ஜெயித்தவர் ஒருவரும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்துப் பலகையில் ‘சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி’ என்ற கருத்தில் ஒரு வாசகம் சர்க்காராலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஜார்ஜ் மேனார்ட் என்ற பிரஜை, தம் மத நம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்று அந்த வரியின்மேல் டேப்பை ஒட்டி மறைத்துக்கொண்டு போனதற்காக அபராதம் விதிக்கப்பட்டு, கட்ட மறுத்துப் பதினைந்து நாள் சிறையிலிருந்தார். 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு, ஒரு மனிதனுடைய வண்டியைச் சர்க்கார் தன் கொள்கைக்கு விளம்பரப் பலகையாக்கக் கூடாது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சுதந்திரமாக வாழச் சொல்லும் அந்தப் பலகைகளை அடித்துக் கொடுத்தவர்கள் அந்த ராஜ்யத்துச் சிறைக் கைதிகள் என்பதை மட்டும் நான் எந்த அலங்காரமும் இல்லாமல் எழுதிவிட்டு மேலே போகிறேன்.

ஏன் இவ்வளவும் என்று தாங்கள் கேட்பீர்கள். என் வீட்டுக்கு இரு பக்கமும் இருக்கிறவர்கள் நல்லவர்கள். ஆனால் ஒரு பனிக்காலம் முழுவதும் அவர்களில் எவரும் என்னைக் கண்ணெடுத்துப் பார்க்காமலே கழிந்துவிடக்கூடும். வீட்டுக்குள்ளிருந்தபடியே வண்டியேறி, கதவு தானே திறக்க வெளியே போய், அதேபடி திரும்பி வந்து மறைகிற வாழ்க்கை இது. பொள்ளாச்சியில் தாங்கள் கடைவீதிக்குப் போய் வருவதற்குள், எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள், கையிலிருக்கிற பையில் என்ன என்று பத்துப் பேர் விசாரித்துவிடுவார்கள். அங்கே கண் பட்டுவிடுமே என்று அஞ்சுகிறோம். இங்கே ஒரு கண்ணும் படாமலே போய்விடுமோ என்று அஞ்சுகிறார்கள். கண் படாத ஊரில் இருந்து பார்த்தவனுக்கு, அது திருஷ்டியைவிடப் பொல்லாதது என்பது தெரியும்.

கொலராடோ ஸ்டேட் யூனிவர்ஸிடியின் உளவியல் நிபுணர்கள் 2008-இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வண்டியில் ஸ்டிக்கர் அதிகம் ஒட்டியவர்கள் ரோட்டில் அதிகம் கோபப்படுகிறார்கள், முட்டுவதுபோல் பின்தொடர்கிறார்கள் என்பது அதன் முடிவு. ஒட்டியது சாந்தி உபதேசமா சண்டை வாசகமா என்பதில் பேதமில்லையாம், எண்ணிக்கைதான் கணக்காம். வண்டியைச் சொந்த வீட்டு வாசலாகப் பாவித்துவிட்டவன், பொது ரோட்டையும் தன் தோட்டத்து வண்டித்தடமாகப் பாவிக்கிறான் என்பது அவர்கள் கூறிய காரணம். இதை அவினாசி ரோட்டில் ஒரு சாயங்கால வேளையில் பரிசோதித்துப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நம் வண்டிகளில் சாமிக்கும் குறைவில்லை, கோபத்துக்கும் குறைவில்லை.

இனி என் வண்டியின் கதை. காந்திபுரத்துப் பையன் செய்து கொடுத்த ‘மருதமலை முருகன் துணை’யை, நடுவில் வேலோடு, துணிகளுக்கு இடையே பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கண்ணாடியில் ஒட்டினேன். ஊரில் இதே எழுத்தோடு நான் போயிருந்தால் என்னை ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். முருகன் துணையோடு போகிற அனேக வண்டிகளில் ஒன்று. இங்கேயோ அது எனக்கு மாட்டிய மணியாகிவிட்டது. கறிகாய்க் கடை வாசலில் ஒரு வயோதிக அம்மாள் அந்த வளைவுகளின் அழகில் மயங்கி, இதைத் தம் முழங்கையில் பச்சை குத்திக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டாள். நெடுஞ்சாலையோரத்து இளைப்பாறும் இடத்தில் ஒண்டாரியோ நம்பர் வண்டியிலிருந்து இறங்கிய ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம், ‘‘நீங்கள் தமிழ் ஆக்களோ? முருகனைக் கண்டிட்டுத்தான் நிப்பாட்டினனாங்கள்’’ என்று சொல்லிப் புட்டும் சம்பலும் பகிர்ந்துகொடுத்துவிட்டுப் போனது. இதெல்லாம் பாக்கியம். பாக்கியத்தோடு கூடவே வந்த சங்கடம் ஒன்றும் உண்டு: போன மாதம் ஒரு கடை வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, என் மனைவியும் நானும் குடும்ப விஷயமாகச் சற்று உரத்து விவாதித்துக்கொண்டிருந்ததை எவரோ தூரத்திலிருந்து கவனித்திருக்கிறார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை லான்ஹம் கோயிலில், முன்பின் பார்த்திராத ஒரு அம்மாள் குங்குமத்தை நீட்டிக்கொண்டே, ‘‘மருதமலை வண்டி நீங்கதானுங்களே? இப்ப எல்லாம் சரியாயிடுச்சுங்களா?’’ என்று அனுதாபத்தோடு விசாரித்தாள். அன்றிலிருந்து நாங்கள் வீட்டில் வைத்துத்தான் சண்டையிட்டுக்கொள்கிறோம்.

எல்லாவற்றிலும் விசேஷமானது அடுத்த வீட்டுக்காரர் சமாசாரம். அவர் அமெரிக்க மரீன் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படையின் பெரிய முகாம் குவான்டிகோவில், எங்களுக்குத் தெற்கே இருக்கிறது. கழுகும் உலக உருண்டையும் நங்கூரமுமாக அவருடைய பிக்கப் வண்டியின் கண்ணாடியில் படைச் சின்னம் ஒட்டியிருக்கும். வருஷக்கணக்காகக் கையை உயர்த்துவதற்கு மேல் பேசியிராத மனிதர், ஒருநாள் என் வண்டியின் பின்னால் வந்து நின்று வேலை உற்றுப் பார்த்துவிட்டு, ‘‘நீர் எந்த ரெஜிமெண்டில் இருந்தீர்?’’ என்றார். நான் எதிலும் இல்லை, இது எங்கள் சேனாதிபதியின் ஆயுதம் என்றேன். தேவர்களுடைய சேனைக்கே அதிபதி என்று விளக்கியதும் அவர் சற்று நிமிர்ந்து நின்றுகொண்டார். எந்த யுத்தம் என்று கேட்டார். சூரபத்மனோடு ஆறு நாள் யுத்தம், திருச்செந்தூரில், கடற்கரையில் என்றேன். கடற்கரை என்ற வார்த்தையைக் கேட்டவுடன் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். கடல் வழியே போய்க் கரையிறங்கிப் போரிடுவதுதானே அவர்களுடைய படைக்குப் பெயர்பெற்ற வேலை! தோற்றவனைக் கொல்லாமல் பாதியை மயிலாக்கி வாகனமாகவும், பாதியைச் சேவலாக்கிக் கொடியாகவும் வைத்துக்கொண்டார் என்று முடித்தபோது, அவர் வெகு நேரம் யோசித்துவிட்டு, ‘‘எதிரியையே தம் வண்டியில் சின்னமாக ஏற்றிக்கொண்ட ஜெனரலைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன்’’ என்றார். அதற்குப் பிறகு காலையில் என் வண்டி புறப்படும்போது அவர் வாசலில் இருந்தால் ஒரு சல்யூட் விழுகிறது. அது எனக்கல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

இங்கேயும் திருஷ்டிப் பொட்டு ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது. டெஸ்லா என்ற மின்சார வண்டியை வாங்கியவர்கள் பூமியைக் காப்பாற்றுகிறவர்கள் என்று பெயரெடுத்திருந்த காலம் மாறி, அதன் முதலாளி எலான் மஸ்க் அரசியலில் இறங்கியதன்மேல் கோபங்கொண்ட சிலர் 2025-ஆம் வருஷத் தொடக்கத்தில் அந்த வண்டிகளைக் கீறவும், விற்பனைக் கூடங்களைச் சேதப்படுத்தவும் தலைப்பட்டார்கள். உடனே, இந்த மனிதர் இப்படி என்று தெரிவதற்கு முன்பே வாங்கிவிட்டேன் என்ற தோரணையில் எழுதிய ஸ்டிக்கர் வண்டிக்கு வண்டி தென்படலாயிற்று. எலுமிச்சையும் மிளகாயும் கட்டத் தெரியாதவர்கள் வேறென்ன செய்வார்கள், பாவம்! நம்மூரில் இதற்கு இணையானது, பத்திரிகை, வக்கீல், போலீஸ் என்று சொந்த வண்டியில் ஒட்டிக்கொள்வது. அது டிராபிக் போலீஸாரின் திருஷ்டிக்குப் பரிகாரம். சென்னையில் 2024 மே 2 முதல் அப்படி ஒட்டியவர்களுக்கு 500 ரூபாய் அபராதம் என்று போலீஸார் அறிவித்தபோது, பிளேடு விற்பனை சூடுபிடித்திருக்குமென்று நினைக்கிறேன்.

சாதிப் பட்டத்தையும் வம்சப் பெருமையையும் முதுகில் எழுதிக்கொண்டு போகிற வண்டிகளைப் பற்றி எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை, மாமா. பார்க்கிறவனுக்கு அது தன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நீ யார் என்று அவனைத்தான் அதட்டிக் கேட்கிறது. மாப்பிள்ளை அதற்கு ஆசைப்படவில்லை என்பது அவருடைய வளர்ப்புக்குப் பெருமை.

இப்போது தங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன். நால்வர் கேட்பதையும் ஒட்டினால், கொலராடோ நிபுணர்கள் சொன்னபடி மாப்பிள்ளைக்குக் கோபம் அதிகரிக்குமோ என்னவோ, பின்னால் வருகிற பஸ் நிச்சயமாகத் தெரியாது. கறுப்புப் பிலிம் ஒட்டுவதைச் சுப்ரீம் கோர்ட்டு 2012-இல் விலக்கிக் கண்ணாடியைத் திறந்துவிட்டதன் பலனை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகையால் அத்தையின் மாசாணியம்மனே பின் கண்ணாடியில் இருக்கட்டும். தினமும் சமைக்கிறவர்களை எதிர்த்துத் தீர்ப்புச் சொல்ல எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை. சின்னமலையை முன் கதவில், அப்பிச்சி உட்காருகிற பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் தொட்டுக்கொள்வார். காளையைப் பெட்ரோல் மூடியில் வைத்தால் அடக்கமாக இருக்கும். மருமகப்பெண்ணின் மஞ்சள் கட்டம் தொங்குகிற ஜாதி. வேண்டும்போது மாட்டிக் கழற்றலாம், பசை வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: பின் கண்ணாடியின் உட்பக்கம் மெல்லிய கோடுகள் ஓடும், அவை பனியை உருக்குகிற மின்சாரக் கம்பிகள், ஸ்டிக்கரை உள்ளே ஒட்டிவிட்டுப் பிற்பாடு பிளேடால் சுரண்டினால் கோடும் சேர்ந்து வந்துவிடும். வெளிப்பக்கமே ஒட்டச் சொல்லவும்.

எனக்கும் ஓர் உபகாரம் ஆக வேண்டும். அடுத்த மாதம் மாப்பிள்ளையின் சிநேகிதர் இங்கே வருவதாக எழுதியிருந்தீர்களே, அவர் கையில் அதே காந்திபுரம் கடையில் செய்த வேல் ஒன்று கொடுத்தனுப்புங்கள். அடுத்த வீட்டு மரீன் தம் நங்கூரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளக் கேட்கிறார். எழுத்து வேண்டாம், வேல் மட்டும் போதும் என்கிறார், கீழ்ப்பட்ட அதிகாரி சேனாதிபதியின் பெயரைத் தாமாகப் போட்டுக்கொள்வது மரியாதை ஆகாதாம். பிக்கப்பின் பின் கண்ணாடி சிறியது, ஆகவே ஒன்பது அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். நிறம் வெள்ளை. பையன் ரேடியத்தை நீட்டினால், இது அப்பாவுக்கு அல்ல, ராணுவத்துக்கு என்று சொல்லிவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள
மருமகன்